இறைவன் செயலா, மனிதன் செயலா?

2023ஆம் ஆண்டு டிசம்பர் 31, திருக்குடும்ப விழா. நம் பங்கு ஆலயத்தில் அன்று காலைத் திருப்பலி முழுவதும் இருமல் ஓயவில்லை. ஐந்து நாள்களுக்கு முன், 26ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன்னர், எண்ணூர்ப் பெரியகுப்பத்தை ஒட்டிய கடலில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய ஊர்களின் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் விழித்தெழுந்து, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருளில் ஓடினர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது, ஒரு கன மீட்டர் காற்றில் 400 மைக்ரோகிராமை மிஞ்சக் கூடாத அம்மோனியா 2,090 மைக்ரோகிராம் இருந்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் 5 மில்லிகிராமை மிஞ்சக் கூடாதது 49 மில்லிகிராம் இருந்தது.

அன்றைய மறையுரையில் இந்த எண்களில் ஒன்றையும் நாம் சொல்லவில்லை. பொன் நெருப்பில் புடமிடப்படுவதுபோல இறைவன் தம் அன்பர்களைச் சோதிக்கிறார் என்றும், திருக்குடும்பமும் இருளில் ஓட நேர்ந்ததே என்றும் பேசினோம். மக்கள் அமைதியாகக் கேட்டனர். பேச்சு நன்றாக அமைந்ததாகவே நமக்குத் தோன்றியது.

திருப்பலி முடிந்ததும் திருவுடை மாற்றும் அறையின் வாயிலில் ஒரு மூதாட்டி வந்து நின்றார். முகத்துவாரத்தில் இறால் வாங்கித் திருவொற்றியூர்ப் பக்கம் கூடையில் விற்பவர். 2004ஆம் ஆண்டுப் பேரலையில் இளைய மகனைக் கடலுக்குக் கொடுத்தவர்.

“சாமி, ஆண்டவரு சோதிக்கிறாருன்னு சொன்னீங்கோ. அந்த பைப்பு ஓட்டையானதும் ஆண்டவரு வேலைதானா?”

“அப்படியில்லையம்மா...” என்று தொடங்கினோம்.

“சுனாமி வந்தப்போ நான் ஒண்ணும் கேக்கல சாமி. கடலு அப்பிடித்தான். இது கடலு இல்லியே.”

நாம் தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவில்லை. திருவுடையை மடித்து வைப்பதில் மிகுந்த கவனம் செலுத்தினோம். அவரும் நெடுநேரம் நிற்கவில்லை. அன்று விற்க வேண்டிய சரக்கு இருந்தது.

குருமடத்தில் இக்கேள்விக்கு விடை எழுதி மதிப்பெண் பெற்றவர்கள்தாம் நாம். இறைவன் முதற்காரணர், படைப்புப் பொருள்கள் தத்தம் இயல்பின்படி செயலாற்றும் இரண்டாங் காரணங்கள், ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பறிப்பதில்லை என்று புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே தெளிவுபடுத்தினார். படைப்புக்கு அதற்கேயுரிய சட்டங்களும் தன்னாட்சியும் உண்டு என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் ஏற்றுரைத்து, அறிவியலின் உரிமையைப் போதிய அளவு உணராத கிறிஸ்தவ மனப்பான்மைக்காக வருந்தவும் செய்தது. கலிலேயோ விவகாரத்தில் இறையியலார் தவறினர் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். இவை யாவும் நமக்குத் தெரியும். தெரிந்தும், மேடையேறியதும் நாக்கு பழைய தடத்திலேயே ஓடிற்று. அது ஏன் என்று எண்ணத் தொடங்கியபோதுதான், இறையியல் படித்த நாள்களில் நூலகத்தில் புரட்டிய ஒரு நூல் நினைவுக்கு வந்தது.

புனே ஞானதீப வித்யாபீடத்தில் அறிவியலின் மெய்யியலைக் கற்பித்த இயேசு சபைக் குரு ஜோப் கொழம்தடம், கெப்ளரின் விதிகள் கண்டறியப்பட்ட வரலாற்றை ஆராய்ந்து எழுதிய நூல் அது. 1994இல் அமெரிக்காவின் நாத்ர்தாம் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. அறிவியலும் சமயமும் உரையாடுவதற்கென்றே புனேயில் ஒரு நிறுவனத்தை அமைத்தவரும் அவரே. சமயம் வேறு, அறிவியல் வேறு, இரண்டும் அவரவர் வீட்டில் இருந்தால் சண்டையில்லை என்று சமாதானம் பேசுவோரின் வழி அவருடையதன்று. கோள்கள் நீள்வட்டத்தில் இயங்குகின்றன என்ற கண்டுபிடிப்பின் உள்ளேயே அறிவியலும் மெய்யியலும் விசுவாசமும் பின்னிப் பிணைந்து வேலை செய்தன என்பதை, கெப்ளரின் எழுத்துகளைக் கொண்டே படிப்படியாகக் காட்டுகிறார் ஆசிரியர்.

கெப்ளர் திருப்பணியாளராக விரும்பி ட்யூபிங்கனில் இறையியல் பயின்றவர். படிப்பு முடியுமுன் 1594இல் கிராட்ஸ் நகருக்குக் கணித ஆசிரியராக அனுப்பப்பட்டார். அண்டம் மூவொரு இறைவனின் சாயலாய் அமைந்தது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. நடுவில் நிற்கும் கதிரவன் தந்தைக்கும், விண்மீன்கள் பதிந்த வெளிக்கோளம் மகனுக்கும், இடைவெளி தூய ஆவியாருக்கும் சாயல் என்று கருதினார். தந்தையின் சாயலான கதிரவன் வெறுமனே நடுவில் வீற்றிருக்க முடியுமா? கோள்களை இயக்கும் ஆற்றல் அதனிடமிருந்தே வரவேண்டும் என்று தேடினார். பிறர் வானத்தை வடிவக்கணிதமாகப் பார்த்தபோது அவர் அங்கே காரணத்தைத் தேடியதற்கு இவ்விசுவாசமும் ஒரு தூண்டுதல்.

ஆனால் அதே விசுவாசம் அவரைத் தவறான வழியிலும் இட்டுச் சென்றது. ஐந்து ஒழுங்குத் திண்மங்களை ஒன்றினுள் ஒன்றாய் அடுக்கி, அதுவே கோள்களின் தொலைவுகளை வகுத்த இறைத்திட்டம் என்று 1596இல் ஒரு நூலே எழுதினார். அழகான கருத்துதான், உண்மை அதுவன்று. அழகாக இருப்பதனாலேயே ஒரு கருத்தை இறைவன் தலையில் ஏற்றிவிடும் பழக்கம் மறையுரையாளருக்கு மட்டும் உரியதன்று போலும்.

அவரைத் திருத்தியது எது? டைக்கோ பிராகே என்ற வானியலார் தொலைநோக்கி இல்லாக் காலத்தில், வெறுங்கண்ணாலும் பெருங்கருவிகளாலும் ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்த அளவுகள். செவ்வாய்க் கோளின் பாதையை வட்டமாகக் கொண்டு கெப்ளர் பல ஆண்டு உழைத்து ஒரு கணக்கை அமைத்தார். கணக்குக்கும் டைக்கோவின் அளவுக்கும் இடையே மிகுதியாகப் பார்த்தாலும் எட்டுக் கலை வேறுபாடுதான். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. முழுநிலவின் அகலம் ஏறத்தாழ முப்பது கலை என்றால், எட்டுக் கலை அதில் கால் பங்கை அடுத்த அளவு. அதுவரை இருந்த வானியலார் எவரும் இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். இவ்வளவு நுட்பமாக நோக்கும் ஒருவரை இறைவனின் நன்மைத்தனம் நமக்குத் தந்திருக்க, அந்த அளவைப் புறக்கணிப்பது தகாது. நன்றியோடு ஏற்றாக வேண்டும் என்ற கருத்தில் கெப்ளர் எழுதினார். வட்டத்தைக் கைவிட்டார். 1609இல் வெளிவந்த அவருடைய நூலில் நீள்வட்டம் இடம்பெற்றது.

சிறிய வேறுபாட்டை மறைக்காமல் ஏற்பதை இறைவனுக்குச் செலுத்தும் நன்றியாக அவர் கண்டார் என்பதை, குருமாணவராய்ப் படித்த நாளில் நாம் கவனிக்கவேயில்லை. தேர்வுக்கு வேண்டியது கதிரவன், தந்தை, சாயல் என்ற பகுதி மட்டுந்தான். எட்டுக் கலை நமக்கு எட்டியது 2024ஆம் ஆண்டின் தவக்காலத்தில்.

இப்பகுதி ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாய் இருக்கும் இளைஞர் ஒருவர், ஒரு மாலை ஆலய முற்றத்தில் நம்மிடம் பேசினார். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதன்று, பெயரும் ஆலையும் குறிப்பிடாமல் எழுதலாம் என்று அவரே இசைவு தந்தார். கருவி காட்டும் அளவு வரம்புக்குச் சிறிது மேலே போகும் நாள்களில், “கொஞ்சம்தானே, ரவுண்டா எழுதிடு” என்பாராம் மேற்பார்வையாளர். இவரும் எழுதிவிடுவாராம். “இது பாவமா ஃபாதர்? சின்ன நம்பர்தான். எழுதலைன்னா நாளைக்கு வேற ஆள் எழுதுவான். வீட்ல ரெண்டு புள்ளைங்க.”

நாம் கற்ற அறநெறி இறையியலில் பாவத்தின் பொருள் கனமானதா, அற்பமானதா என்று பார்க்கும் முறை உண்டு. திருடிய தொகை சிறிதாயின் பொருளும் அற்பம். அம்முறையை இங்கே வைத்துப் பார்த்தால் இளைஞர் எழுதிய பொய் மிக மிகச் சிறியது. ஆனால் டைக்கோ அந்த எட்டுக் கலையை ‘ரவுண்டாக’ எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓர் எண்ணின் கனம் அதன் பருமனில் மட்டும் இல்லை. அதை நம்பி யார் யார் உறங்குகிறார்கள் என்பதிலும் இருக்கிறது. அப்படியானால் அவ்விளைஞர் கனமான பாவம் செய்தாரா? அப்படியும் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர் கையால் எழுதினாலும் எழுதுவித்த கைகள் பல. அச்சத்தினால் செய்வதில் பொறுப்புக் குறையும் என்பதும் நாம் கற்றதே. பொய் எழுத வேண்டாம் என்றோம்; வேலை போனால் பங்கு என்ன செய்யும் என்று அவர் கேட்டார். வின்சென்ட் தே பவுல் சபையில் பேசுகிறோம் என்றோம். இரண்டு பிள்ளைகளுள்ள குடும்பத்துக்கு அவ்விடை போதாது என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

தமிழகத் திருச்சபை பண்பாட்டோடு உரையாடியதைப் பெருமையோடு பேசுகிறோம். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகரையும், சதுரகராதி தந்த வீரமாமுனிவரையும் விழா மேடைகளில் மறவாமல் நினைவுகூர்கிறோம். இதே மண்ணில் அறிவியலும் குருக்கள் கையில் வளர்ந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்? 1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து ஒரு வால்மீனை நோக்கிக்கொண்டிருந்த இயேசு சபைக் குரு ழான் ரிஷோ, ஆல்ஃபா செண்டாரி என்னும் விண்மீன் ஒன்றன்று, இரண்டு எனக் கண்டார். நம் காலத்தில் திருச்சி தூய வளனார் கல்லூரியின் அருள்தந்தை கே.எம். மேத்யூ, தமிழகத்தின் செடிகொடிகளை ஊர் ஊராய் நடந்து சேகரித்துப் பெருந்தொகுதிகளாக வகைப்படுத்தினார். இவர்கள் செய்தது குருத்துவப் பணிக்கு வெளியே நடந்த பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினோம்.

வாசகர் இப்போது ஒரு கேள்வி கேட்கலாம்: எல்லாவற்றையும் குழாயிலும் கருவியிலும் கண்டுவிட்டால் இறைவனுக்கு என்ன இடம்? இக்கேள்வியை மிகக் கொடிய விலை கொடுத்து எதிர்கொண்ட ஒரு நகரம் உண்டு. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று காலை, லிஸ்பன் மக்கள் ஆலயங்களில் கூடியிருந்தபோது நிலம் நடுங்கிற்று. கூரைகள் வீழ்ந்தன, விழாவுக்கு ஏற்றிய மெழுகுதிரிகளும் சேர்ந்து நகரைத் தீயிட்டன, ஆற்றின் வழியே கடல் ஏறி வந்தது. மறு ஆண்டு, காபிரியேல் மலகிரீடா என்ற இயேசு சபைக் குரு ஒரு சிறுநூல் வெளியிட்டார். இயற்கைக் காரணங்களைப் பேசுவது வீண். இது நகரின் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை. மக்கள் செய்ய வேண்டியது தவம் என்றார். பிரேசில் நாட்டில் நீண்ட காலம் மறைபரப்புப் பணியில் உழைத்த துறவி அவர். பேசியது கல்நெஞ்சத்தால் அன்று. 1761இல் அவருக்கு நேர்ந்த கொடிய மரண தண்டனையை எவரும் நியாயப்படுத்த முடியாது. அமைச்சர் பொம்பாலின் அரசியல் பகை அதில் இருந்தது.

ஆனால் அதே பொம்பாலின் ஆட்சியில் நாடெங்கும் உள்ள பங்குகளுக்கு ஒரு வினாப்பட்டியல் அனுப்பப்பட்டது. நடுக்கம் எந்நேரம் தொடங்கிற்று, எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா, வடிந்ததா, எத்தனை வீடுகள் வீழ்ந்தன, எத்தனை பேர் மாண்டனர்? பங்குத்தந்தையர் அமர்ந்து விடை எழுதி அனுப்பினர். அவ்விடைகள் இன்றும் போர்த்துக்கீசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நிலநடுக்க அறிவியலின் தொடக்கங்களுள் ஒன்றாக அறிஞர் அவற்றைப் போற்றுகின்றனர். அவர்களும் அந்த ஞாயிறு மறையுரை ஆற்றியிருப்பர், இறந்தோரை அடக்கம் செய்திருப்பர். அந்தக் கையோடு, கடல் முதலில் வடிந்தது என்றும் எழுதி வைத்தனர். டிசம்பர் 31 அன்று நாம் மலகிரீடாவின் பக்கம் நின்றோம் என்பதை எழுதாமல் மறைக்க வழியில்லை.

விந்தை என்னவெனில், இப்பொருளில் நம் நாட்டு நீதிமன்றம் நம் மேடைகளைவிடத் தெளிவாய்ப் பேசியிருக்கிறது. போபால் கொடுமைக்கு ஓராண்டு கழித்து, 1985 டிசம்பரில் தில்லி ஆலையொன்றிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அவ்வழக்கில் 1986 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம், ஆபத்தான தொழிலை நடத்துவோர் அதனால் விளையும் கேட்டுக்கு முழுப் பொறுப்பாளிகள். விதிவிலக்கு எதுவும் இல்லை என்று தீர்ப்பளித்தது. பழைய ஆங்கிலச் சட்டத்தில் ‘இறைவன் செயல்’ என்பதும் ஒரு விதிவிலக்கு. அதை இனிச் சொல்லித் தப்ப முடியாது என்றாயிற்று. ஆலை முதலாளிகளே சொல்ல முடியாத சாக்கை, அவர்கள் கேளாமலே, சம்பளமும் வாங்காமல், நாம் பலிபீடத்தில் நின்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம்!

ஆயினும் மூதாட்டியின் வாக்கில் இரண்டு பாதிகள் உண்டு. குழாய் மனிதன் செயல் என்பது எளிது. கடல்? “கடலு அப்பிடித்தான்” என்று அவர் விட்டுவிட்டாரே, அது?

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அன்றும் திருக்குடும்ப விழாவே. அன்றைய நற்செய்தி, ஏரோதுக்குத் தப்பித் திருக்குடும்பம் எகிப்துக்கு ஓடிய பகுதி: கனவில் எச்சரிக்கை பெற்ற சூசையப்பர் இரவோடிரவாய் எழுந்து, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு புறப்படுகிறார். கடற்கரை ஊர்களின் ஆலயங்களில் இது வாசிக்கப்பட்ட அதே காலையில் அலை வந்தது. சுமத்திரா அருகே நிலம் நடுங்கியது இந்திய நேரப்படி காலை ஆறரை மணியளவில். அலை சென்னையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. பசிபிக் கடலுக்கு 1949 முதலே ஹவாயில் எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்துமாக் கடலுக்கு இல்லை. ஹைதராபாத்தில் நம் நாட்டு நிலையம் 2007இல்தான் செயல்படத் தொடங்கியது. நிலத்தட்டுகள் நகர்வதற்கு எவர் மீதும் குற்றமில்லை. அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியுமா?

1755இல் இத்தகைய எச்சரிக்கையை எவரும் கற்பனை செய்திருக்கவும் முடியாது. அறியாதவர் மேல் கடனில்லை. அறிவு வளர வளர, ‘கடல் அப்படித்தான்’ என்று நாம் விட்டுவிடக்கூடிய பகுதி சுருங்கி, நாம் கணக்குக் கொடுக்க வேண்டிய பகுதி விரிகிறது. இதனால் இறைவனின் இடம் சுருங்குகிறது என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் நமக்கில்லை. சூசையப்பருக்கு வந்த எச்சரிக்கை இறைவன் தந்தது என்றால், எச்சரிக்கை செய்யும் அறிவும் அவர் தந்ததே; பெற்ற அறிவைப் பயன்படுத்தாமல் உறங்கியது மட்டுமே நம்முடையது. எனினும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு எல்லாம் வகுத்த பின்னும், நிலம் ஏன் நடுங்கும் நிலமாகப் படைக்கப்பட்டது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்கு நம்மிடம் உள்ளது சிலுவையில் தொங்குபவரின் கூக்குரல், விளக்கம் அன்று.

அறிவு என்றதும் ஆய்வகத்தை மட்டும் எண்ண வேண்டாம். அம்மோனியா பரவிய இரவில், முதிய மீனவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக் காற்றைப் பார்த்து, வாடை அடிக்கிறது, காற்றோடு ஓடாதீர்கள், குறுக்கே போங்கள், துணியை நனைத்து மூக்கில் கட்டுங்கள் என்று கத்தினாராம். அம்மோனியா நீரில் எளிதில் கரையும் என்பதால் ஈரத்துணி உதவும் என்று வேதியியல் ஆசிரியர் ஒருவர் பின்னர் நமக்கு விளக்கினார். இராயப்பரின் பெயரால் இராயபுரம் என்று ஊருக்குப் பெயர் வழங்கும் கரை இது. இராயப்பரும் காற்றின் குறி பார்த்துப் படகு விட்டவர்தாமே. பண்பாட்டோடும் அறிவியலோடும் உரையாடல் என்று நாம் கருத்தரங்குகளில் பேசுவது, அந்தக் கிழவரிடம் ஒரே மூச்சில் வெளிப்பட்டது.

அவ்வாசிரியரின் யோசனைப்படி, ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு அருகில் இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். நாள், நேரம், காற்றின் திசை, எந்தத் தெருவில் நாற்றம், எத்தனை பேருக்கு இருமல். “மூக்கு கருவியாகாது ஃபாதர், ஆனா நேரமும் திசையும் பொய் சொல்லாது” என்றார் அவர். லிஸ்பன் பங்குத்தந்தையரிடமும் கருவி இருந்ததில்லை. சில பதிவுகள் தவறாயிருக்கும். திருத்தப்படட்டும்.

இக்கட்டுரையை அனுப்புமுன் ஒரு கடன் மிச்சமிருந்தது. மூதாட்டி எழுத்தறியாதவர், ஆனால் அவர் பேத்தி இம்மாத இதழைப் படித்துக் காட்டக் கூடும். அந்த இரண்டு மணி நேரத்தை அச்செழுத்தின் வழியாக அவர் அறிவது முறையன்று. இத்தனை ஆண்டுகள் கடலை மன்னித்து வாழ்ந்தவரிடம், மகனைக் காப்பாற்ற நேரம் இருந்தது என்று சொல்லவும் வேண்டுமா என்று மூன்று நாள் தயங்கினோம். நான்காம் நாள் போய்ச் சொன்னோம்.

அவர் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டார். கை நிற்கவில்லை. நெடுநேரம் கழித்து, “இப்போ வந்தா சொல்லுவாங்களா?” என்றார்.

“சொல்லுவாங்கம்மா. ஹைதராபாத்துலேர்ந்து சேதி வரும்.”

“கேஸு வந்தா?”

கூடையைத் தலையில் ஏற்ற ஒரு கை கொடுத்தோம். வெயிலேறுமுன் விற்க வேண்டும் என்று புறப்பட்டுவிட்டார்.